போர்டு போகல, பார்க்கத்தான் ஆளில்ல

நான் டாக்டர், கம்ப்யூட்டர் மெக்கானிக் இல்ல. ஆனா கோவம் வந்துருச்சு. இழை கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

பழவேற்காடு ஏரிப் பக்கம், கூனங்குப்பத்துல மருத்துவ முகாம். பிரஷர் பார்க்க வந்த ஒரு மீனவ அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பாப்பா நர்சிங் படிக்குது. லேப்டாப்புல பாட வீடியோ ஓட மாட்டேங்குது. கடையில போர்டு போச்சு, புதுசு வாங்குங்கன்றாங்க."

புதுசு வாங்கறது அங்க லேசா? ஏரியில பாடு முறை. முறை வர்ற நாள்ல இறால் பட்டாத்தான் கையில காசு. முகத்துவாரம் மண்ணடைச்சா அதுவும் இல்ல.

அது அவங்க அண்ணன் ப்ளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். ஆரம்பத்தில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். இதில் யாரோ பிறகு லினக்ஸ் மின்ட் ஏற்றியிருக்கிறார்கள்.

திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் பெருசு பெருசா, வெளிச்சம் குறைக்கற பட்டன் வேலை செய்யல, ஃபேன் கத்துது. சிஸ்டம் தகவலில் கிராபிக்ஸ் வரியில் "எல்எல்விஎம்பைப்" என்று இருந்தது. அதாவது கிராபிக்ஸ் சிப் சும்மா படுத்திருக்க, அதன் வேலையையும் பிராசஸரே இழுக்குது.

காரணம் ஒரே வார்த்தை: "நோமோட்செட்". லினக்ஸ் ஏற்றும்போது திரை கருப்பாகிவிட்டால் தற்காலிகமாகப் போடுவது. வேலை முடிஞ்சதும் எடுக்கணும். எடுக்கல. மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷனை முடிச்சிட்டு, எழுப்பாமலே வீட்டுக்கு அனுப்பின கதை! 'ஈடிசி'க்குள் 'டீஃபால்ட்', அதற்குள் 'கிரப்' கோப்பு. அந்த ஒரு சொல்லை நீக்கி, "சூடோ அப்டேட்-கிரப்" கொடுத்து ரீஸ்டார்ட். திரை சரியாயிடுச்சு, வெளிச்சமும் குறையுது. செலவு? ஒரு டீ, அதையும் அண்ணன்தான் வாங்கிக் கொடுத்தார்.

யூடியூப் அப்பவும் லேசா திக்குச்சு. யூடியூப் இப்போ பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவத்தில் அனுப்புது. அந்தக் காலத்து சிப்புக்கு ஹெச்.264தான் பழக்கம். ஃபயர்ஃபாக்ஸில் "ஹெச்264இஃபை" சேர்த்து, தரத்தை 480-க்கு இறக்கினதும் ஓடுச்சு. டவுன்லோட் பண்ண வீடியோ திறக்கலைன்னா மல்டிமீடியா கோடெக் போடுங்க, இல்ல விஎல்சி போதும்.

உண்மையிலேயே வன்பொருள் கெட்டிருக்காதா? இருக்கலாம். பயாஸ் திரையிலேயே கோடு விழுந்தா லினக்ஸ் மேல பழி போடாதீங்க. வெளி மானிட்டரை மாட்டிப் பாருங்க. அதில் சுத்தமா தெரிஞ்சா திரையோ கேபிளோதான் கோளாறு. இது ரெண்டு நிமிஷச் சோதனை. அதைக்கூடச் செய்யாமல் "போர்டு போச்சு"ன்னு சொல்றது, நாடி பார்க்காம சர்டிஃபிகேட் எழுதறது. நான் அப்படிச் செஞ்சா லைசென்ஸ் போயிடும்.

"லினக்ஸ்னாலே வீடியோ ஓடாது"ன்னு திருட்டு விண்டோஸ் ஏத்தற கடைக்காரர் மேல மட்டும் இல்ல கோவம். கேள்வி கேட்டா நாலு வரி கமாண்டை வீசிட்டு, "படிச்சுப் பாரு"ன்னு போற லினக்ஸ் தம்பிகளே, உங்க மேலயும்தான். அந்தப் பொண்ணுக்குத் தேவை கமாண்ட் இல்ல, என்ன கெட்டுச்சுன்னு தமிழ்ல சொல்ற ஒரு ஆள்.

வீட்டு மூலையில அரசு லேப்டாப் தூங்குதா? எடுத்து அந்த கிராபிக்ஸ் வரியைப் பார்த்துட்டு கமென்ட்ல போடுங்க. ராத்திரி ஓபி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.