காலை எடுப்பது சர்க்கரை இல்லை

சர்க்கரை வியாதியைப் 'பணக்கார வியாதி' என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆசாமிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு தரம் அரசு ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சை வார்டுக்குள் போய் வரட்டும். காலில் கட்டோடு படுத்திருப்பவர்களிடம் பேர் கேட்க வேண்டாம், ஊர் கேட்க வேண்டாம். என்ன வேலை பார்த்தாய் என்று மட்டும் கேட்கட்டும். குப்பை அள்ளியவர், நடவு நட்டவர், செங்கல் அறுத்தவர், மூட்டை தூக்கியவர், தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருப்பதாக 2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அத்தனை பேரும் ஏசி ரூமில் உட்கார்ந்து கேக் தின்றவர்களா?

இந்த வார்டில் கேட்கப்படுகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ஏம்மா, இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தே? கால் அழுகுற வரைக்கும் வெச்சிருந்து இப்பத்தான் தூக்கிட்டு வர்றியா?" கேட்கிறவருக்குக் கோபம் நியாயம்தான். ஆனால் கேள்வியைத் தப்பான ஆளிடம் கேட்கிறார். யாரிடம் கேட்க வேண்டும் என்று பேசுவோம்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் ஏறிக் கிடந்தால் காலுக்கு மூன்று கேடு வருகிறது. ஒன்று, நரம்பு செத்துப்போகிறது. முள் ஏறினாலும் தெரியாது, தார் ரோட்டில் பாதம் வெந்தாலும் தெரியாது. இரண்டு, காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைக்கிறது. பீடி குடிக்கிறவருக்கு இன்னும் சீக்கிரம். மூன்று, கிருமியோடு மல்லுக்கு நிற்கிற வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகின்றன. இப்படிப்பட்ட காலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறினால் என்ன ஆகும்? சீழ் பிடிக்கிறது. சீழ் பிடித்ததும் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏறியதும் சீழ் கூடுகிறது. வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும், உள்ளே எலும்பு வரைக்கும் ஓடியிருக்கும். வலிக்காது. வலிக்காததுதான் இந்தப் புண் செய்கிற பெரிய துரோகம்.

சர்க்கரையால் கால் இழக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் முதலில் இருந்தது ஒரு சின்னப் புண்தான். அந்தச் சின்னப் புண்ணை அன்றைக்கே கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, சரியான மருந்து கொடுத்து, காலைத் தரையில் ஊன்றாமல் வைத்திருந்தால் பெரும்பாலான கால்கள் பிழைத்திருக்கும். புண் பட்ட நாளுக்கும் டாக்டர் பார்த்த நாளுக்கும் நடுவில் போகிறதே, அந்த நாட்கள்தான் காலை எடுக்கின்றன. அந்த நாட்கள் யார் கையில் இருக்கின்றன? அதுதான் கேள்வி.

டாக்டர் சொல்கிற அறிவுரையை வரிவரியாக எடுத்துக்கொள்வோம்.

'வெறுங்காலோடு நடக்காதே.' நல்ல அறிவுரை. ஆனால் நம் காலில் செருப்பு இல்லாமல் போனதற்கு ஏழ்மை மட்டுமா காரணம்? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்பது அதில் ஒன்று. ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். அது வெள்ளைக்காரன் காலம் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பர் 24 அன்று திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் இராஜாவூரில் சுமார் 60 தலித்துகள் செருப்பு போட்ட காலோடு ஆதிக்கச் சாதித் தெருவில் நடந்தார்கள். அதுவரைக்கும் அந்தத் தெருவில் அவர்கள் செருப்போடு நடக்க முடியாது. சந்திரனில் சந்திரயான் இறங்கி நாலு மாசம் கழிந்திருந்தது! கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிற காலில் முள் ஏறினால் அது விபத்தா? ஊர்க்கட்டுப்பாடு ஏற்றிய முள் அது.

'புண்ணைச் சுத்தமான தண்ணியில கழுவு.' எந்தத் தண்ணீர்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் சேரி மக்கள் குடிக்கிற நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குடிக்கிற தண்ணீருக்கே அந்தக் கதி என்றால் புண் கழுவுகிற தண்ணீரைப் பற்றி என்னத்தச் சொல்றது?

'காலுக்கு ஓய்வு கொடு.' ஒப்பந்தக்காரனிடம் தினக்கூலிக்குக் குப்பை அள்ளுகிறவருக்கு ஓய்வு என்றால் கூலி இல்லை என்று அர்த்தம். நாலு நாள் போகவில்லையென்றால் வேறு ஆள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்றார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து தூக்கிப்போட்டது. நிரந்தர வேலை கேட்பது என்பது சீழ் பிடித்த காலை ஆறும் வரை நீட்டி உட்காருகிற உரிமையைக் கேட்பதும்தான். அறுத்தெடுக்கப் படுக்கையில் சேர்ந்தால் காப்பீட்டு அட்டை உண்டு. கால் போகாமல் இருக்க நாள் தவறாமல் கட்டு மாற்றப் போகிறவரின் பஸ் கூலிக்கும், இழந்த தினக்கூலிக்கும் எந்த அட்டையும் கிடையாது. வெட்டுவதற்குக் காசு கொடுக்கிற அரசு, காப்பதற்குக் கொடுக்க மாட்டேன் என்கிறது.

இதில் இன்னொரு கொடுமையைச் சொல்ல வேண்டும். 1946ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயாளிகளின் காலைப் பார்த்தார். கால் அழுகுவது சாபத்தால் இல்லை, உணர்ச்சி செத்த பாதம் ஒரே இடத்தில் அழுந்தி அழுந்திப் புண்ணாவதால்தான் என்று நிறுவினார். மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பாதம் முழுக்கப் பரப்பினால் ஆறாத புண்ணும் ஆறியது. ஆறிய காலுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று ஆஸ்பத்திரிகளில் சொல்வது அதைத்தான். பின்னால் அவர் அமெரிக்கா போனபோது அந்தப் பாடம் சர்க்கரைப் புண்ணுக்கும் போனது. இன்றைக்கு உலகம் முழுக்கச் சர்க்கரைக் காலுக்குச் செய்கிற வைத்தியத்தில் நம் வடாற்காட்டுத் தொழுநோயாளிகளின் கால்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இருக்கிறது. அதே வடாற்காட்டில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை. தோலைப் பதப்படுத்துகிற கையும் ஷூ தைக்கிற கையும் பெரும்பாலும் நம்முடையவை. சீமைக்காரன் காலுக்கு ஷூ போகிறது. தைத்தவள் காலுக்கு நடுவிரலில் வார் அறுக்கிற தேய்ந்த ரப்பர் செருப்பு.

'பாதம் பாதுகாப்போம்' என்று ஒரு திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறது. வரட்டும், வரவேற்போம். ஆனால் ஒன்று கேட்போம். பாதத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும். உள்ளங்காலில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். காலின் மேல்பக்கம் விரல் வைத்து நாடி பார்க்க வேண்டும். விரல் இடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மிஷின் விலை பெரிசு, பட்ஜெட் இல்லை என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. தொட வேண்டும். அவ்வளவுதான். சேரிக்காரன் காலைத் தொட வேண்டும். இந்த நாட்டில் அதுதான் கஷ்டம்! எட்டி நின்று சீட்டு எழுதி, 'மாத்திரைய ஒழுங்கா போடு' என்று அனுப்புகிற ஒவ்வொரு கையையும் நாம் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் கால் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு தோழரும் தன் தெருவில் சொல்ல வேண்டியவை இவை.

சர்க்கரை இருக்கிறவர் தினம் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கணும். குனிய முடியலையா, பிள்ளையைப் பார்க்கச் சொல். செருப்புக்குள் கையை விட்டுக் கல், ஆணி இருக்கா என்று தடவிப் பார்த்துவிட்டுப் போடணும். வெந்நீரில் கால் வைக்காதே. சூடு தெரியாது, வெந்துபோகும். காலாணியைப் பிளேடால் அறுக்காதே. புண் பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கோ மறுநாளோ ஆஸ்பத்திரி. காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, சாணி எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் 'ரெண்டு மாத்திரை குடுங்க' என்று வாங்கிப் போட்டு நாளைக் கடத்தாதே. ஊசி போட்டாச்சா, டாக்டர் சொன்ன நாள் முழுக்க மருந்து போடணும். புண் மேலே காஞ்சிடுச்சு என்று பாதியில் விடக் கூடாது.

புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தால் அந்தச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடு. சிவப்பு கோட்டைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதே. வீக்கம், சீழ், நாற்றம், கறுப்பு, காய்ச்சல், குளிர் நடுக்கம், காரணமில்லாமல் ஏறுகிற சர்க்கரை, இதில் எது வந்தாலும் அந்த நேரமே கிளம்பு. காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்பதை நம்பாதே. சர்க்கரை மாத்திரையையோ ஊசியையோ நீயாக நிறுத்தாதே. சீழ் பிடித்த நேரத்தில் டாக்டர் இன்சுலின் போடச் சொன்னால் போட்டுக்கொள். 'ஊசி போட்டா பழகிடும்' என்பது வதந்தி. 1921ல் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். யாரும் அதைத் தனிச்சொத்தாக்கிக் கொள்ளை அடிக்கக் கூடாது என்பதற்காகக் கொடுத்தது. நமக்கும் சேர்த்துக் கொடுத்தது.

'இதெல்லாம் ஆஸ்பத்திரி சமாச்சாரம். இயக்கத்துக்கு என்ன வேலை?' என்று கேட்கிற தோழர்கள் உண்டு. அண்ணல் அம்பேத்கரே கடைசி ஆண்டுகளில் சர்க்கரையோடும் கால் வலியோடும்தான் உழைத்தார். அவருக்குப் பக்கத்தில் மருத்துவரான துணைவி இருந்தார். நம் சேரியில் யார் இருக்கிறார்கள்? உடம்பு நம்முடையது. அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு, தேய்ந்ததும் ஒவ்வொரு துண்டாக வெட்டி எறிகிற ஏற்பாட்டை அரசியல் என்று சொல்லாமல் வேறு எதை அரசியல் என்று சொல்வது?

ஆகவே கேட்போம். சர்க்கரை மாத்திரை கொடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் காலைத் தொட்டுச் சோதிக்க வேண்டும். உணர்ச்சி செத்த ஒவ்வொரு பாதத்துக்கும் எம்.சி.ஆர். செருப்பு இலவசமாக வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு எந்தத் தெருவிலும் நடக்கிற உரிமை வேண்டும், தடுப்பவன் மீது வன்கொடுமைச் சட்டம் பாய வேண்டும். துணைச் சுகாதார நிலையத்திலேயே கட்டு மாற்ற வேண்டும். புண் ஆறும் வரைக்கும் கூலியோடு விடுப்பு வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வேண்டும்.

மாணவத் தோழர்களே, மருத்துவக் கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடும்போது பத்து ரூபாய்க்கு ஒரு பேனாவும், ஒரு டார்ச்சும், ஒரு நைலான் இழையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பேச்சு முடிந்ததும் கீழே உட்காருங்கள். நம் ஆத்தாக்களின், நம் சித்தப்பன்களின் காலை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். 'ஏன் இவ்வளவு நாள் வரலே?' என்று அவர்களைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய்க் கேட்போம்.