காற்றில் எழுதிய தமிழ்

1980களில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் நடைபெறும் நாள்களில், கொள்ளிடக் கரையிலுள்ள எம் திருமானூரின் தேநீர்க் கடை வானொலியைச் சுற்றிக் கூட்டம் கூடும். மைதானத்தை நேரிற் பார்த்தவர் அக்கூட்டத்தில் அரியர். ஆயினும் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டுவதை அனைவரும் கண்டனர். செவியைக் கண்ணாக்கிய அத்தகைய குரல்களுள் ஒன்று சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்களுடையது.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் பிறந்த அவர், இலங்கை வானொலி நாடகங்களில் குரல் பழகியவர். 1980இல் தமிழ்நாடும் கேரளமும் சேப்பாக்கத்தில் ஆடிய ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் அவரது நேர்முக வருணனை தொடங்கிற்று. வானொலி நினைவுகளைக் 'காற்று வெளியினிலே' என்னும் நூலாகத் தந்தார். 2020 டிசம்பரில் மறைந்தார்.

விரைந்த ஆட்டத்திற்குத் தமிழ் ஈடு கொடுக்குமா என ஐயுற்றோர் உண்டு. அந்த ஐயத்தில் ஓர் இலக்கண நியாயமும் இருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவது. நெடிய வாக்கியத்தைத் தொடங்கியவர் முடிவை எட்டுமுன் மட்டையாளர் ஆட்டமிழந்து கூடாரம் திரும்பியிருப்பார்! ஆனால் அதற்கு மருந்தும் தமிழிலேயே உள்ளது. 'வீசினார், அடித்தார், பிடித்தார்' என்னும் மூன்று சொற்களில் ஓர் ஆட்டக்காரரின் வீழ்ச்சியே அடங்கிவிடுகிறது. திணை, பால், எண், இடம், காலம் அனைத்தையும் ஒரு வினைமுற்றே சுமக்கிறது. வகுப்பில் நாம் சூத்திரமாகக் கற்பிப்பதை, நல்ல வருணனையாளர் நொடிப்பொழுதில் நடத்திக் காட்டுகிறார்.

எனினும் தமிழ்த்துறைகள் மேடைப்பேச்சை ஆய்ந்த அளவுக்கு இக்கலையை ஆய்ந்தனவா? இல்லை என்பதே எம் கருத்து. ஏட்டில் எழுதப்பட்டதே தமிழ் என்று எண்ணிவிட்டோம். காற்றில் பேசப்பட்ட தமிழைக் காற்றோடு போகவிட்டோம்.

இழப்பு இன்றும் தொடர்கிறது. திருமானூர் ஜல்லிக்கட்டில் வாடிவாசல் திறந்ததும் ஒலிபெருக்கியில் எழும் குரலைக் கேளுங்கள். கபடிக் களங்களின் அறிவிப்பாளர்களையும் கேளுங்கள். காளையின் பாய்ச்சலுக்கும் வீரரின் மூச்சுக்கும் ஈடாகச் சொல் தேடுவோர் அவர்கள். கைபேசி வைத்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் அக்குரல்களுள் ஒன்றையேனும் பதிவு செய்து, எழுத்தில் பெயர்த்துத் துறைக்கு அளிக்க வேண்டும். பெரியோர் தம் நினைவிலுள்ள பழைய வருணனைகளைச் சொல்லி உதவ வேண்டும்.

அப்துல் ஜப்பார் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாக அமையட்டும்.