ஆட்டம் ஏன் ஓய்கிறது?

உலாவியில் ஆடும் பழைய இணைய விளையாட்டுகளை ஆட்கள் கைவிடக் காரணம் என்ன? 2020 டிசம்பர் 31-ஆம் நாள் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டதே என்பர் சிலர். ஃபார்ம்வில் அன்றே மூடப்பட்டது உண்மைதான். ஆனால், 2004-இல் ஜெர்மனியில் தோன்றிய டிராவியன் ஃபிளாஷை நம்பி வாழவில்லை. அங்கும் நான் ஆடிய களம் வெறிச்சோடிற்று.

காரணம் நாங்களே! ஊர் அமைத்துப் படை திரட்டும் அவ்வாட்டத்தில் புதியவருக்குச் சில நாட்களே பாதுகாப்பு. அது முடிந்த இரவே, முன்னரே வளர்ந்துவிட்ட நாங்கள் அவர் களஞ்சியத்தைச் சூறையாடினோம். விடிந்ததும் வெறுங் களஞ்சியத்தைக் கண்டவர் மீண்டும் வரவில்லை. இறுதியில் கொள்ளையிடவும் ஆளில்லை, எனக்கும் சலித்தது.

தோழர்களே! புதியவருக்கு இடந் தராத களம் எதுவாயினும் பாழாகும். முதலாண்டு மாணவர் நம் சங்கத்துக்கு ஒருமுறை வந்து, அத்தோடு நின்றுவிட்டால், குற்றம் அவருடையதா, நம்முடையதா?