வெள்ளைத் துணிக் கூடாரத்தில் என் சாண்ட்ரோ

வாகனம் என்றால் எங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் முதலில் நினைவுக்கு வருவது ரிஷபமும் சிம்மமும்தான். காரும் ஸ்கூட்டரும் அப்புறம். பங்குனி உத்திரத் திருவிழாவில் ஏகாம்பரநாதர் வீதியுலாவைச் செல்போனில் படம் பிடித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளி வாகனத்துக்கு நேராக நின்று ஃபிளாஷ் போட்டால் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் விழும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்போதுதான் செதுக்கு வேலை கண்ணுக்குத் தெரியும். இந்தச் சின்ன விஷயம் போன மாதம் என் பழைய காரை விற்கப் போனபோது பெரிய விஷயமாகிவிட்டது. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

கார் 2011-ல் வாங்கிய சாண்ட்ரோ. ஹூண்டாய் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, 1998-ல் முதல் சாண்ட்ரோவை வெளியே விட்டபோது, நம்ம மாவட்டத்து வண்டி என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. வாங்க எனக்கு இன்னும் பதின்மூன்று வருடம் பிடித்தது. இப்போது கண்புரை அறுவை இரண்டு கண்ணிலும் ஆகிவிட்டது. ராத்திரி எதிரே வரும் விளக்கு கூசுகிறது. "என்னங்க, போதும், வித்துடுங்க" என்று வீட்டம்மா சொல்லிவிட்டார்.

விற்பதென்றால் இப்போது முதல் வேலை படம். பிள்ளையார்பாளையத்தில் என் சிநேகிதர் ஒருவர் தறி போட்டிருந்தார். அவர் மகன் கல்யாண போட்டோகிராபர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் பழைய கார்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறான். "பெரியப்பா, வண்டியைக் கொண்டாங்க, சும்மா ஜம்முனு எடுத்துத் தரேன்" என்றான். போனேன்.

காலி மனையில் அவன் போட்டிருந்த கூடாரத்தைப் பார்த்து அசந்துவிட்டேன். பத்தடி ஜி.ஐ. பைப் எட்டு நட்டு, மேலே குறுக்குப் பைப் போட்டு, கூரைக்கும் இரண்டு பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் காடாத் துணி கட்டியிருந்தான். ஏழு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம். ஏறக்குறைய 80 மீட்டர் துணி. கல்யாணத்துக்கு வைத்திருக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் நாலு. எல்லாவற்றையும் சுருட்டிக் குட்டி யானையில் ஏற்றினால் வாலாஜாபாத்திலோ உத்திரமேரூரிலோ ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி கட்டிவிடலாம். பந்தல்காரரிடம் கற்றுக்கொண்ட வேலை என்றான்.

எதற்கு இவ்வளவு துணி என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. காரைப் படம் எடுப்பதும் கண்ணாடியைப் படம் எடுப்பதும் ஒன்றுதான். பெயிண்டுக்கு மேலே பளபளவென்று ஒரு தெளிவான பூச்சு இருக்கிறது. கதவும் பானெட்டும் வளைந்த கண்ணாடி மாதிரி சுற்றிலும் இருப்பதையெல்லாம் காட்டும். வெட்டவெளியில் நிறுத்தினால் எதிர்வீட்டு ஜன்னல், மின்கம்பம், போட்டோ எடுப்பவரின் தொப்பை, எல்லாம் கதவில் விழும். ஆகவே காருக்கு வெளிச்சம் போடுவதில்லை. காரைச் சுற்றி இருப்பதற்குத்தான் வெளிச்சம் போட வேண்டும். விளக்குகளை வெள்ளைத் துணியின் மேல் அடித்தால், துணியே பெரிய விளக்காகிவிடும். அந்த வெள்ளைதான் கதவில் தெரியும். விளம்பரப் படம் எடுக்கும் பெரிய ஸ்டுடியோக்களில் காரை விட நீளமான விளக்குப் பெட்டியைத் தலைக்கு மேலே தொங்கவிடுகிறார்களே, அதுவும் இதே தத்துவம்தான். இவனுடையது அதன் காடாத் துணிப் பதிப்பு.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தான். கிட்டே போய் செல்போனில் எடுத்தால் காரின் மூக்கு வீங்கித் தெரியும்; ஏழெட்டு அடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்க வேண்டும். லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டரைப் போட்டுத் திருப்பினால் முன் கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு அடங்கி உள்ளே இருக்கும் சீட் தெரியும். ஆனால் குரோமியப் பட்டையின் மினுமினுப்பு அதற்கு அடங்காது. உலோகத்திடம் அந்த ஃபில்டரின் ஜம்பம் பலிப்பதில்லை.

படத்தைப் பார்த்தேன். என் கார்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. பதினான்கு வருடத்து வண்டி ஷோரூமிலிருந்து இப்போதுதான் இறங்கியது மாதிரி நின்றது. மகளுக்கு அனுப்பினேன். "அப்பா, சூப்பர்" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. இடது பின்கதவில் ஒரு ஒடுக்கு உண்டு. என் வீட்டு கேட்டிலேயே நான் இடித்தது. உள்ளங்கை அகலம், அதிக ஆழமில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒடுக்கைக் காணோம்.

"கம்ப்யூட்டர்ல அழிச்சியாப்பா?"

"சத்தியமா இல்ல பெரியப்பா. எதையும் தொடல. துணி வெளிச்சத்துல அது தெரியாது."

அவன் சொன்னது உண்மை. சுற்றிலும் ஒரே வெள்ளை. கதவு சமமாக இருந்தாலும் பள்ளமாக இருந்தாலும் அதில் விழுவது அதே வெள்ளைதான். பள்ளம் எப்படித் தெரியும்?

எனக்கு இது புதிதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் சேலை வாங்கும் பிரிவில் இருந்தவன் நான். நெசவாளர் கொண்டு வரும் சேலையை மேஜையில் விரித்து மேலே விளக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாச் சேலையும் ராஜகுமாரிதான். ஜரிகை மின்னும், பட்டு வழியும். குறை தெரிய வேண்டுமானால் சேலையை ஜன்னலோரம் கொண்டு போய், வெளிச்சம் பக்கவாட்டில் தடவிக்கொண்டு போகும்படி சாய்த்துப் பிடிக்க வேண்டும். இழை அறுந்து முடிந்த இடம், ஊடை தளர்ந்த இடம், எல்லாம் அப்போது தலை நீட்டும். பட்டும் கார் பெயிண்டும் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி.

டிங்கர் பட்டறைக்காரர்களுக்கும் இது தெரியும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு டியூப்லைட்டைப் பிடித்து அதன் பிம்பத்தைப் பார்ப்பார்கள். தகடு சமமாக இருந்தால் கதவில் தெரியும் வெளிச்சக் கோடு ஒழுங்காக ஓடும். ஒடுக்கு இருக்கும் இடத்தில் கோடு நெளியும். பெயிண்ட் போகாமல் ஒடுக்கெடுக்கும் தொழிலில் இதற்கென்றே வரிவரியாகக் கோடு விழும் விளக்குப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இங்கே என் மகள் கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளும் மாப்பிள்ளையும் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் படங்களைப் பார்த்தே ஒரு பழைய காருக்கு அட்வான்ஸ் கட்டினார்கள். இருபது படம். எல்லாம் பளிங்கு மாதிரி. ராத்திரி எட்டு மணிக்கு, மழை விட்ட நேரத்தில் டெலிவரி எடுத்தார்கள். ஈரமான காரில் கீறல் தெரியாது. தண்ணீர் அதை நிரப்பி மறைத்துவிடும். நாலு நாள் கழித்து மெக்கானிக்தான் சொன்னார், வலப்பக்கம் முழுக்க அடிபட்டுப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த வண்டி என்று. 42,000 ரூபாய் செலவு. வியாபாரியைக் கேட்டதற்கு, "படத்துல எதையும் மறைக்கலையே சார், இருந்ததைத்தான் எடுத்தோம்" என்றாராம். அன்றைக்கு அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். இப்போது அதே மாதிரிப் படம் என் கையில், என் காரை வைத்து.

"தம்பி, ஒரு டியூப்லைட் இருக்கா?" என்று கேட்டேன்.

நாலடி எல்.ஈ.டி. டியூப் ஒன்றைக் கொண்டு வந்தான். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அதைக் கதவுக்கு எதிரே படுக்கை வசமாகப் பிடித்து, பின் விளக்குப் பக்கம் குந்தி உட்கார்ந்து கதவு நெடுக எடுக்கச் சொன்னேன். கோடு நேராக வந்து, ஒடுக்கில் பாம்பு மாதிரி நெளிந்து போயிற்று. அந்தப் படத்தையும் மற்றப் படங்களோடு போடச் சொன்னேன்.

அவன் தயங்கினான். "நீங்க போடுங்க பெரியப்பா. நான் வேலை செய்யற புரோக்கருங்ககிட்ட இதைச் சொன்னா அடுத்த வண்டி வராது." அதுவும் நியாயம். அவனுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

கார் விலை 1,30,000 என்று போட்டிருந்தேன். ஆரணியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் நெளிந்த கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். நேரில் வந்து கதவைத் தடவிப் பார்த்து, பட்டறைச் செலவு ஒன்பதாயிரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, 1,18,000-க்குக் கேட்டார். கொடுத்தேன். வேறு இரண்டு பேர் அந்தப் படத்தைப் பார்த்ததோடு பேச்சை விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டம்மா இன்னும் அந்தப் பன்னிரண்டாயிரத்தை மறக்கவில்லை. "பொழைக்கத் தெரியாத மனுஷன்" என்ற பட்டம் எனக்கு இது முதல் தடவை இல்லை.

என் கருத்து இதுதான். நடமாடும் ஸ்டுடியோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல தொழில். ஊர்ப் பையன்கள் பந்தல் பைப்பையும் காடாத் துணியையும் வைத்துப் பட்டணத்து ஸ்டுடியோ வேலையைச் செய்வதைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. புது வண்டிக்கு அந்த வெள்ளை வெளிச்சம் பொருத்தம். பழைய வண்டிக்கு அது மட்டும் போதாது. பழையதை விற்கும் படத்தில் பொய்யே சொல்லாமல் ஏமாற்ற முடிகிறது. அதுதான் ஆபத்து. போட்டோகிராபர் எதையும் அழிக்கவில்லை, வியாபாரி எதையும் சொல்லவில்லை, வாங்கியவர் மட்டும் 42,000 கட்டுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1-4-2023 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், விற்பனைக்கு வண்டியை வாங்கிக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, வண்டி யார் கையில் இருக்கிறது என்பதற்குக் கணக்கு வந்துவிட்டது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்கிறது. ஆனால் ஒரு பழைய காரின் படம் எந்த வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் உட்கார்ந்து எழுதாது. அதைத் தொழில் செய்பவர்கள்தான் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அதிகம் கேட்கவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டியூப்லைட் படம். ஒவ்வொரு கதவையும் இரண்டு கோணத்தில் ஒரு படம். மெட்டாலிக் பெயிண்டில் மறுபடி பெயிண்ட் அடித்த கதவு ஒரு கோணத்தில் பக்கத்துக் கதவோடு ஒத்துப்போனாலும் இன்னொரு கோணத்தில் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். டயர், ஓடிய கிலோமீட்டர், கதவிடுக்கு, இவற்றுக்கு அலங்காரம் இல்லாத படம். மிஞ்சிப் போனால் பத்து நிமிட வேலை. பழக்கமாகிவிட்டால், அந்தப் படம் இல்லாத காரைப் பார்த்து, ஏன் இல்லை என்று வாங்குபவரே கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் புரோக்கரும் வழிக்கு வருவார்.

அதுவரை, வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரியில் வண்டி பார்க்காதீர்கள். கழுவி ஈரம் காயாத வண்டியையும் பார்க்காதீர்கள். காலையில் போய், தெருவில் நிறுத்தச் சொல்லி, பின் விளக்குப் பக்கம் குந்தி உட்கார்ந்து கதவு நெடுகப் பாருங்கள். மேலே போகும் கரண்டு கம்பியின் பிம்பம் கதவில் தெரியும். அந்தக் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே கையை வைத்து விலை பேசுங்கள்.

நேற்று அந்தப் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். ஆரணி ஆசிரியர் அவனுடைய நம்பரை என்னிடம் கேட்டு வாங்கியிருந்தார் அல்லவா, அவருடைய சிநேகிதர் ஒருவர் பைக் விற்கிறாராம், கூப்பிட்டிருக்கிறார். "கோட்டுப் படமும் எடுக்கணும்னு சொன்னாரு பெரியப்பா" என்றான். ஒரே ஒரு பைக்தான். புரோக்கர் கொடுக்கும் மாத வருமானத்துக்கு அது ஈடாகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வீட்டம்மா காபி கொண்டு வந்து வைத்தபோது, அந்தச் செய்தியை அவர் காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.