போர்க்காலத்து இழைப்புளி

சென்ற மாதம் ஒரு தாயார் நமக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இது. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் அவருடைய மகன், விடுமுறை நாட்களில் பழைய பொருட் சந்தைகளில் அலைந்து, உலக யுத்த காலத்து இழைப்புளி, இரம்பம், உளி, ஸ்பானர் முதலியவற்றை வாங்கிச் சேர்க்கின்றானாம். அறை முழுவதும் துருப்பிடித்த இரும்பு. பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, "யுத்தத்தின் எச்சங்களை வீட்டில் வைத்துக் கொண்டாடுவது ஒரு கிறிஸ்தவனுக்குத் தகுமா, சுவாமி?" என்று கேட்கின்றார்.

தகும் என்பதே என் விடை. ஆயுதம் வேறு, கருவி வேறு. துப்பாக்கியைச் சேர்ப்பவனைப் பற்றிக் கேட்டிருந்தால் வேறு விதமாய் எழுதியிருப்பேன். வாள்கள் கலப்பைகளாக மாறும் நாளை எசாயா கண்டார். அதற்கு நேர்மாறான காட்சியை யோவேல் கண்டார். 1939 முதல் 1945 வரை உலகம் வாழ்ந்தது யோவேல் கண்ட நாட்களில்தான். அக்காலத்திலும் இழைப்புளி இழைப்புளியாகவே இருந்தது. ஆனால் யுத்தம் அதன் உடலில் தன் முத்திரையைப் பதித்துவிட்டுச் சென்றது. அம்முத்திரையைப் படிக்கக் கற்பதே அந்த மகன் கைக்கொண்டிருக்கும் கலை. அது எளிதானதன்று.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரில் செய்யப்பட்ட ஸ்டான்லி இழைப்புளியை எடுத்துக்கொள்வோம். யுத்தத்திற்கு முன்னர் அதன் பிடிகள் ரோஸ்வுட் என்னும் மரத்தால் ஆனவை. நம் ஈட்டி மரத்தின் உறவினம் அது. வெட்டின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரம் பித்தளை. அலகை அழுத்திப் பிடிக்கும் மூடிக்கு நிக்கல் பூச்சு. 1941 டிசம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் பித்தளை தோட்டா உறைகளுக்குப் போயிற்று. நிக்கலும் குரோமியமும் படைத்தளவாடங்களுக்குப் போயின. ஆகவே, 1942 முதல் 1945 வரை வெளிவந்தவற்றில் பித்தளைச் சக்கரம் இருந்த இடத்தில் எஃகுச் சக்கரத்தையோ, கறுத்த கடின ரப்பர்ச் சக்கரத்தையோ காண்கின்றோம். மூடியின் பளபளப்பு மறைந்தது. பிடிகள் சாயம் பூசிய சாதாரண மரமாயின. அலகைத் தாங்கும் இரும்புத் துண்டை ஆங்கிலேயத் தச்சர்கள் 'தவளை' என்று அழைப்பர் (நம் தச்சர்களும் இதைவிட நல்ல பெயர் வைத்திருக்க முடியாது). அந்தத் தவளையை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகாணியே சிலவற்றில் விடுபட்டுப் போயிற்று. ஆனால் அடிப்பாகத்து வார்ப்பு முன்னிலும் கனத்தது. அலங்காரம் போயிற்றே தவிர, வேலை செய்யும் பாகம் மெலியவில்லை. இன்றும் அவற்றைத் தேடி வாங்கி மரம் இழைக்கும் தச்சர்கள் உண்டு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தொழிற்சாலை சட்டமன்றம் அன்று. குறிப்பிட்ட நாளில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிடுவதில்லை. மிஞ்சியிருந்த பழைய உறுப்புகளையும் பூட்டியே அனுப்பினர். ஆதலால் ஒரே இழைப்புளியில் பித்தளையும் ரப்பர்க் காலத்து அடையாளமும் கலந்திருப்பதைக் கண்டவுடன், 'இது போலி' என்று தள்ளிவிடலாகாது. பின்னாளில் எவரேனும் உடைந்த உறுப்பை மாற்றியிருக்கவும் கூடும். ஒரே அடையாளத்தைக் கொண்டு தீர்ப்பிடாமல், பல சாட்சிகளையும் ஒருங்கே விசாரிக்க வேண்டும்.

பலரும் இடறி விழுவது ஆண்டு எண்களில். ஸ்டான்லியின் ஒரு வகை இழைப்புளியில், தவளைக்குப் பின்னால் மூன்று தேதிகள் வார்க்கப்பட்டிருக்கும்: இரண்டு 1902-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை, மூன்றாவது 1910. 'இது 1902-இல் செய்தது' என்று விற்பவர் கூறுவார். அவை காப்புரிமை பெற்ற தேதிகள். கருவி செய்த தேதிகள் அல்ல. மூன்றாவது தேதியே முந்திய இரண்டையும் பொய்யாக்கிவிடுகிறது அல்லவா? அலகில் இதய வடிவ முத்திரை இருந்தால், 1920-க்கும் 1935-க்கும் இடைப்பட்டது எனலாம். ஹார்ட் என்ற பெயர் கொண்ட கம்பெனித் தலைவரின் நினைவாக அவ்வடிவம் இடப்பட்டது. காதலர் பரிசு என்று எண்ணி வாங்குவோரும் உளர்!

இங்கிலாந்துக் கருவிகளில் தேட வேண்டியது அகன்ற அம்புக்குறி. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் இக்குறி, அரசின் உடைமை என்பதற்கு அடையாளம். நூற்றாண்டுகள் பழையது, அமெரிக்கக் குடியேற்றங்களின் காடுகளில் கடற்படைப் பாய்மரங்களுக்கென ஒதுக்கிய பைன் மரங்களிலும் இதையே வெட்டினர். ஆகவே அம்பு மட்டும் இருந்தால் யுத்தக் காலம் என்று துணிதல் கூடாது. அம்போடு 1917 என்றோ 1943 என்றோ ஆண்டும் பொறித்திருந்தால் ஐயமில்லை. கனடாவின் கருவிகளில் அம்பு ஆங்கில 'சி' எழுத்துக்குள் இருக்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டு 'டி' எழுத்துக்களுக்கு நடுவே. இந்தியப் படைக்கு உரியவற்றில் 'ஐ' எழுத்தோடு. நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் பழைய சுத்தியலையும் குறட்டையும் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். ராணுவத்தில் பணிபுரிந்த பாட்டனாரின் பெட்டியில் அந்த எழுத்தும் அம்பும் இருக்கக்கூடும்.

இக்குறிக்கு மதிப்பு ஏறியதால் பொய்யும் ஏறிற்று. உரிமையின்றி அம்புக்குறி இடுவதை 1875-ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டமே குற்றமென்றது. இருப்பினும், பழைய கருவியில் புதிதாக அம்பு பொறித்துக் கணினி வழி ஏலத்தில் விற்போர் இன்று உளர். குறியின் பள்ளத்துள்ளும் சுற்றிலும் துரு ஒரே நிறமாயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பள்ளம் பளிச்சென்றிருந்தால் சந்தேகிக்கலாம். அந்த மகன் வாங்குபவனாய் ஏமாறுவதைவிட, விற்பவனாய் ஏமாற்றும் நாள் வராதிருக்க வேண்டும் என்பதே என் கவலை. இறந்துபோன தச்சரின் பெட்டியை அவருடைய விதவையிடம் இரும்பு விலைக்கு வாங்கி, மறுநாள் பத்து மடங்குக்கு விற்பதும் ஏமாற்றே. அறிந்தவன், அறியாதவரிடம் பொருளின் உண்மை மதிப்பைச் சொல்லிவிட்டு விலை பேசுக. ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்ல வேண்டிய விஷயம் இது. வியாபாரத் திறமை என்று பெயரிட்டு மறைத்துவிட முடியாது.

தாயாருக்கு இன்னொன்றும் உரைப்பேன். இக்கருவிகளைச் செய்த கைகள் யாருடையவை? பிரிட்டனில் 1941 டிசம்பரில் மணமாகாத இளம் பெண்களையும் கட்டாயத் தேசியப் பணிக்கு அழைக்கச் சட்டம் பிறந்தது. அப்படிப் பட்டறைக்குப் போன ஒருத்தி கடைந்த திருகாணி அந்த அறையில் இருக்கலாம். ஜெர்மனியிலோ, பிடித்துச் செல்லப்பட்ட இலட்சக்கணக்கானோர் அடிமைகளாய் உழைத்தனர். அப்படி நாடு கடத்தப்படாதிருக்கும்பொருட்டு, 1940-இல் போலந்தின் கிராக்கோவ் நகருக்கருகே ஓர் இளைஞர் சுண்ணாம்புக் கல் குவாரியில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் சோல்வே இரசாயனத் தொழிற்சாலையில் உழைத்தார். அவரே பிற்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 1981-இல் மனித உழைப்பைப் பற்றி அவர் திருமடல் வரைந்தபோது, கல்லுடைக்கும் தூசியை அறிந்த கை அதை எழுதிற்று.

பழைய ஆங்கிலேயத் தச்சர்கள் தம் பெயரை மரப்பிடியில் பொறித்து வைப்பது வழக்கம். சேகரிப்போர் சிலர் அதைக் குறையென்று கருதித் தேய்த்து அழிக்கின்றனர். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. தொழிற்சாலையின் முத்திரை ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அம்மனிதரின் பெயர் அந்த ஒரு பிடியில்தான் இருக்கிறது.

துடைக்கும் விஷயத்தில் ஆபத்தும் உண்டு. குரோமியம் கிடைக்காமற்போனதால் யுத்தக் காலத்து ஸ்பானர்கள் பலவற்றுக்குக் காட்மியம் என்னும் உலோகத்தைப் பூசினர். மங்கிய வெண்சாம்பல் நிறம். அதைச் சாணைச் சக்கரத்தில் பிடித்தால் எழும் தூள் நச்சுத்தன்மை வாய்ந்தது. மூச்சில் சென்றால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உப்புத்தாளும் வேண்டா, கம்பித் தூரிகையும் வேண்டா. ஈரத்துணியால் அழுக்கை எடுத்து, உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவினால் போதும். கைகளைக் கழுவிய பின்னரே உணவருந்துக. குழந்தைகள் எட்டாத இடத்தில் வைக்குமாறு தாயார் மகனுக்கு எழுதட்டும்; ஒவ்வொன்றையும் எங்கே, எவரிடம், எந்த ஆண்டில் பெற்றான் என்பதைச் சிறு சீட்டில் குறித்துக் கருவியோடு கட்டி வைக்குமாறும் எழுதட்டும்.