மூச்சை எண்ணும் கருவியும் தாராவிக் குழந்தையும்

இருமலும் சளியும் கண்ட குழந்தைக்கு நிமோனியாவா என்பதை எக்ஸ்ரே இல்லாத இடத்தில் அறிய உள்ள முதன்மை வழி, அதன் மூச்சை எண்ணுவதே. இரண்டு மாதம் நிறையாத சிசு நிமிடத்துக்கு 60, ஓராண்டு நிறையாதது 50, ஐந்தாண்டுக்கு உட்பட்டது 40 மூச்சைத் தொட்டால் அஞ்ச வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு வரையறுத்துள்ளது.

எண்ணுவது எளிதன்று. மும்பைத் தாராவியின் ஒற்றை அறை வீட்டில், பக்கத்துத் தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, தாய் மடியில் சிணுங்கும் பிள்ளையின் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை வீடுதோறும் வரும் சுகாதாரப் பணியாளரான ஆரோக்கிய சேவிகை ஒரு முழு நிமிடம் இமைக்காமல் நோக்க வேண்டும். பிள்ளை அழுதாலும் பால் குடித்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இத்துயர் தீர்க்கவே தானியங்கிக் கருவிகள் வந்தன. வயிற்றைச் சுற்றிக் கட்டும் பிலிப்ஸின் சார்ம், விரலில் மாட்டும் மாசிமோவின் ராட்-ஜி ஆகியவற்றை யூனிசெஃப் எத்தியோப்பியாவிலும் நேபாளத்திலும் களத்தில் சோதித்தது. அங்கும் ஒரு சிக்கல் உண்டு: கருவி சொல்லும் எண்ணை எதனோடு ஒப்பிடுவது? தேர்ந்த இருவர் ஒரே குழந்தையை எண்ணினாலும் விடை வேறுபடுகிறது. ஆகவேதான் காணொளியில் பதிந்து வல்லுநர் பலர் எண்ணிப் பார்க்கும் முறையை ஆய்வாளர் நாடுகின்றனர்.

களத்துக்கேற்ற மூச்செண்ணும் கருவிக்கு நம் மகாராட்டிர மாநிலமே முன்னோடி. கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர், பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத நாட்டு மருத்துவச்சியருக்காக மணிகளும் மணல் கடிகையும் கொண்ட மூச்செண்ணியை ஆக்கினர். ஊர் மக்களையே கொண்டு நிமோனியாவைக் கண்டறிந்து மருந்து கொடுத்த அவர்கள் திட்டத்தில், நிமோனியாவால் குழந்தைகள் இறக்கும் விகிதம் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 54 விழுக்காடு குறைவாக இருந்தது. 1990-இல் லான்செட் அதை வெளியிட்டது. பயன்படுத்தும் கையை அறிந்து கருவி செய்தார்கள் என்பதே அதில் நாம் போற்றுவது.

நடுவணரசு 2019 நவம்பரில் தொடங்கிய சான்ஸ் இயக்கம், 2025-க்குள் ஆயிரம் பிறப்புக்கு மூன்றுக்கும் கீழாக நிமோனியா இறப்பைக் குறைக்க இலக்கு வகுத்தது. அதன் பெயரால் கருவி வாங்க முற்படுவோர், அமைதியான மருத்துவமனை அறையில் பெற்ற மதிப்பெண்ணை நம்பிவிடலாகாது. தாராவியிலும் செம்பூர்க் குடிசைகளிலும், மழைக்கால நெரிசலில், சேவிகையர் கையிலேயே சோதனை நிகழட்டும். நோயுற்றும் கருவிக்குத் தப்பிய குழந்தைகள் எத்தனை, நோயின்றியே எச்சரிக்கப்பட்டவை எத்தனை, எண்ணே காட்டாமல் கைவிட்டது எத்தனை முறை என்பவற்றைத் தனித்தனியே கூற வேண்டும். முதற்பிழை உயிரைப் பறிக்கும். இரண்டாவது, வேண்டாத ஆன்டிபயாட்டிக்கைப் பிள்ளை வாயில் ஊற்றும். இவற்றை ஒரே சராசரியில் கரைப்பது அறமன்று.

கருவி வரும் நாளிலேயே அமாக்சிசிலின் மாத்திரையும் சேவிகையின் பையில் இருக்க வேண்டும். மூச்சிழுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி குழிவிழும் குழந்தைக்குச் சயான் மருத்துவமனையில் ஆக்சிஜனோடு படுக்கை உறுதியாக வேண்டும். மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோருமுன் சோதனை முடிவுகளை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் மக்கள்முன் வைக்க வேண்டுமென வலியுறுத்துகிறோம்.