யோகாவும் கத்தியும்

பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில் முதல் கேள்வி, "நார்மலா, ஆபரேஷனா?" ஆபரேஷன் என்றால் அடுத்த வார்த்தை தயாராக இருக்கும்: "மாசமா இருக்கும்போது யோகா செஞ்சிருந்தா கத்தி படாமப் பெத்திருப்பால்லா." முன்பெல்லாம் இதே இடத்தில் "குனிஞ்சு வீடு பெருக்கியிருந்தா" என்பார்கள். விளக்குமாறு போய் யோகா விரிப்பு வந்திருக்கிறது. பழி மட்டும் அதே பெண் தலையில்.

நஞ்சு கீழிறங்கிக் கருப்பை வாயை அடைத்திருந்தால் எந்த ஆசனமும் அதை மேலே ஏற்றாது. வலிக்கு நடுவே பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்கினால், தாய் ஒன்பது மாதம் மூச்சுப்பயிற்சி செய்தவளா என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தேவையில்லாத அறுவைகளும் நடக்கின்றன, மறுக்கவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்கில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 60 சதவீதத்துக்கு மேல் ஆபரேஷன். அரசு மருத்துவமனைகளில் சுமார் 36. அரசாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஆசனம் போடுகிறவர்களா என்ன?

"நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே பெத்தோம்" என்று தாமிரபரணிப் பாசன ஊர்களின் ஆச்சிமார் சொல்வது பொய்யில்லை. ஆனால் பெற்றுப் பிழைத்தவர்கள்தானே கதை சொல்ல இருக்கிறார்கள்.

யோகா வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. முதுகுவலிக்கும் பதற்றத்துக்கும் அது நல்லது. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரம் 150 நிமிடமாவது மிதமாக உடலை இயக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் சுளகை மடியில் வைத்துப் பொழுதெல்லாம் உட்கார்ந்தே பீடி சுற்றும் கர்ப்பிணிக்கு, மணிக்கொருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பதே பெரிய ஆசனம்.

சுகப்பிரசவ ஆசையில் ஆசனங்களை அளவுமீறிச் செய்வதுதான் ஆபத்தை இழுத்து வருகிறது. கர்ப்பத்தில் சுரக்கும் ரிலாக்சின் என்ற ஹார்மோன் மூட்டுத் தசைநார்களைத் தளர்த்துவதால், உடல் வழக்கத்தைவிட வளையும். அதைத் தேர்ச்சி என்று நினைத்து இழுத்தால் இடுப்பு பிசகும். ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து வெகுநேரம் படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும். கபாலபாதி, மூச்சை அடக்குவது, குப்புறப் படுப்பது, வயிற்றை முறுக்குவது எதுவும் கூடாது. ரத்தப்போக்கோ நீர்க்கசிவோ கண்டால், பிள்ளை அசைவு குறைந்தால், விரிப்பைச் சுருட்டாமலேகூட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெற்ற பிறகு வேறொரு அவசரம்: தொப்பை. வயிற்றின் நடுத்தசைகள் விலகி நிற்கும் பச்சை உடம்பை நாற்பது நாள் கழியுமுன் நௌகாசனத்தில் நிறுத்தினால் விலகல் கூடக்கூடும். மெல்ல நடக்கட்டும், ஆழ மூச்சுவிடட்டும். தையல் போட்டவள் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே மற்றது.

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது அந்த முதல் கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ராத்திரி தூங்கினாளா என்று கேளுங்கள்.